நெஞ்சு காயணும் மச்சி!

வேலப்பன்சாவடி, தண்டலம்னு காலேஜுக்குப் போறப்போ பஸ் ஜன்னலோரம் கவனிச்சிருக்கீங்களா? காலி மனைகளில் முள்ளு முள்ளாக் காயோட ஊமத்தை நிற்கும். அதுக்குள்ளே இருக்கு அட்ரோபின். இன்னும் கொஞ்சம் தள்ளி திருவள்ளூர் பக்கம் போனா வயல், அங்கே பூச்சிமருந்து. ரெண்டுமே விஷம்தான். ஆனா, ஒண்ணுக்கொண்ணு ஜென்ம விரோதி!

ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடம்புக்குள் போனால், அசிட்டைல்கோலினை உடைக்கும் என்சைம் முடங்கும். வியர்வை, எச்சில், கண்ணீர், பேதி... கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கும். நுரையீரலில் சளிநீர் பொங்கி, மூச்சு முட்டும். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவைச் சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் செத்துப்போனது இப்படித்தான்.

வைவாவில் "அட்ரோபின் சார்!"னு சொன்னா மார்க் கிடைச்சுடும். வார்டில் அடுத்த கேள்வி வரும்: "எப்போ நிறுத்துவே?" நம்மில் பாதிப் பேர் டார்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்ப்போம். தப்பு! ஸ்டெதஸ்கோப்பை எடுங்க. நெஞ்சில் கரகரப்பும் வீசிங்கும் அடங்கணும். நாடித்துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டணும். அக்குள் காயணும். பெரியவர்களுக்கு 1.8 முதல் 3 மில்லிகிராம் வரை ஆரம்பம். அஞ்சு நிமிஷத்தில் முன்னேற்றம் இல்லைன்னா டோஸ் டபுள். கண்மணி மெதுவாத்தான் விரியும். அதுக்காகக் காத்திருந்து ஊசி போட்டுக்கிட்டே இருந்தா, காய்ச்சல், பிதற்றல், சத்தமே இல்லாத வயிறுன்னு பேஷன்ட் 'ஊமத்தை கேஸ்' ஆகிடுவார்!

நெஞ்சு காய்ஞ்சாச்சு, தூங்கப் போலாமா? ம்ஹூம். அட்ரோபின் மஸ்காரினிக் பக்கம் மட்டும்தான் வேலை செய்யும், தசைகளைத் தொடாது. ஒண்ணு முதல் நாலு நாளுக்குள், தேறிட்டார்னு நினைச்ச பேஷன்டுக்கு மூச்சுத் தசைகள் சோர்ந்து போகலாம். 1987-ல் இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் இதுக்கு 'இன்டர்மீடியட் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சாங்க.

இதைப் பிடிக்க ஸ்கேன் எதுவும் வேணாம். "அண்ணே, தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க"ன்னு கேளுங்க. முடியலையா? உடனே சீனியரைக் கூப்பிடுங்க, வென்டிலேட்டரைத் தயாரா வைங்க.

நைட் டூட்டியில் அந்த ஒரு கேள்வி, ஒரு உசிரு!