தாத்தா சொல்வதும் பாட்டி சொல்வதும்



கிள்ளானிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இடைநிலைப்பள்ளி மாணவன். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். பையனும் கேட்டான். வந்தது வினை!

அப்பா வழித் தாத்தாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனாரைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். "ஜப்பான்காரன் மனிதனே இல்லை" என்கிறார் தாத்தா. அம்மா வழிப் பாட்டியோ வேறு மாதிரிச் சொல்கிறார். அவருடைய மூத்த அக்கா நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். "வெள்ளைக்காரன் முன்னால் கூனிக் குறுகி நின்ற நம்மை நிமிரச் செய்த காலம் அது" என்கிறார் பாட்டி. பள்ளியில் சீனத் தோழன் ஒருவன், "உங்கள் ஆட்கள் ஜப்பானியனோடு கைகோத்தவர்கள்தானே?" என்று கேட்டுவிட்டான். இப்போது வீட்டில் இரண்டு கிழங்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பையன் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டான். "இதில் எது உண்மை? பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அன்று. நம்மில் பலர் வீட்டில் இது உண்டு. ஆகவே இந்த இதழில் இதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளைப் பார்ப்போம். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. 1945 ஆகஸ்ட் வரை ஜப்பானியர் ஆட்சி. சயாமையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் போட்ட இரயில் பாதை 415 கிலோ மீட்டர் நீளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, பிறகு திரும்பலாம் என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டும் போனார்கள். காட்டுக் காய்ச்சலும், 1943 மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதியும், பட்டினியும், அடியும் அவர்களைக் கொன்றன. தாத்தா சொல்வதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

இனிப் பாட்டியின் பக்கம் வருவோம். அதற்கு 1941 மார்ச் மாதத்துக்குப் போகவேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அப்போது வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். இது நடந்து ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நம் மக்கள் கண்ணீர் விடாததில் என்ன வியப்பு?

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபரில் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. பால்மரக் காட்டைத் தவிர வேறொன்றும் அறியாத பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி என்ற இளம்பெண் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் எனப் புகழ்பெற்று 2014-இல் மறைந்தவர். தோட்டத்துப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்து, நிமிர்ந்து நில் என்று அதுவரை யார் சொன்னார்கள்? பாட்டி சொல்வதும் பொய்யில்லை.

இந்த இரண்டு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஜான்சி ராணிப் படைப் பெண்கள் பர்மாவுக்குப் போனது எந்த வழியாகத் தெரியுமா? அந்தச் சயாம் இரயில் பாதை வழியாகத்தான். தாத்தாவின் தகப்பனைப் போன்றவர்கள் சுமந்து போட்ட சிலிப்பர்க் கட்டைகளின் மேல்தான் பாட்டியின் அக்காவைப் போன்றவர்களின் வண்டி ஓடியது. சயாமுக்குப் போவதிலிருந்து தப்பவே இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. இதைச் சொன்னால் தாத்தாவும் பாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடும்.

சீனப் பையன் கேட்டதற்கு வருவோம். கோபிக்க வேண்டாம். ஜப்பான் 1937-இலேயே சீனாவின் மீது பெரும்போர் தொடுத்தது. சீனாவுக்குப் பணம் அனுப்பியவர்கள் என்று மலாயாச் சீனர்மேல் ஜப்பானியருக்குத் தீராத வஞ்சம். சிங்கப்பூர் விழுந்த சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கான சீனர்களைப் பொறுக்கி எடுத்துக் கொன்றார்கள். மலாயாவிலும் இது நடந்தது. அந்தப் பையனின் வீட்டிலும் திரும்பி வராத ஒரு தாத்தா இருக்கலாம். மலாய்க்காரர் வீட்டிலோ, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் புக்கிட் சண்டுவில் கடைசிவரை போரிட்டு மாண்ட லெப்டினன்ட் அட்னான் சைடியைப் பற்றிச் சொல்வார்கள். பேராக் மாநிலம் பாப்பானில் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்காகச் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசுவை மூவினத்தாரும் மறக்கமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்சில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தேசிய அரும்பொருளகம் நிற்கும் இடத்தில் முன்பு சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945 மார்ச்சில் அதன்மேல் குண்டு விழுந்தது. போட்டது ஜப்பான்காரனல்லன், நேச நாட்டு விமானம். குறி வைத்தது இரயில் கூடங்களுக்கு. நம்மை மீட்க வந்தவர் போட்ட குண்டும் நம் ஊரில்தான் விழுந்தது.

அப்படியானால் ஆளுக்கு ஓர் உண்மையா என்று கேட்பீர்கள். இல்லை. யானையைத் தடவிய குருடர் கதையை இங்கே கொண்டுவரக் கூடாது. நடந்தது நடந்ததுதான். சயாமில் யாரும் சாகவில்லை என்று ஒருவர் சொன்னால் அது மற்றொரு பார்வை அன்று, பொய். ஆனால் நடந்ததை யார் எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பது வேறு வேறு. அதைப் பிரித்தறியத்தான் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்.

எப்படிச் சொல்லித்தருவது? பெரியவர் ஒருவர் சொல்லும்போது பிள்ளை நான்கு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று, அப்போது இவருக்கு என்ன வயது, எந்த ஊரில் இருந்தார்? இரண்டு, இவர் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா? மூன்று, அந்தக் காலத்தில் இவர் இழந்தது என்ன, பெற்றது என்ன? நான்கு, இதே செய்தியை அடுத்த லயத்தில் இருந்தவர், கிராணி வீட்டார், சீனக் கடைக்காரர், கம்பத்து மலாய்க்காரர் எப்படிச் சொல்வார்கள்? தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, தாத்தா சொன்னதை ஒரு பக்கமும் பாட்டி சொன்னதை மறுபக்கமும் எழுதட்டும். தேதியையும் ஊர்ப்பெயரையும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். யார் சரி என்று கடைசியில் தீர்ப்பு எழுதத் தேவையில்லை. ஏன் வேறுபடுகிறது என்று எழுதினால் போதும்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். சில தோட்டங்களில் சயாமுக்கு ஆள் பேர் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மவர்களே. மேலே இருந்தவன் மிரட்டி எழுதியவரும் உண்டு, பழைய பகையைத் தீர்த்துக்கொண்டவரும் உண்டு. கேட்கக் கேட்க இப்படியும் ஒன்று வெளிவரலாம். அப்போது பெரியவரை அதட்டாதீர்கள், பிள்ளையின் வாயையும் பொத்தாதீர்கள். அந்தப் பேரை ஊரறியச் சொல்லி இன்றைய பேரப்பிள்ளையை நோகடிக்க வேண்டாம். ஆனால் அப்படி நடந்தது என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். அழுகை வந்தால் நிறுத்துங்கள். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

எதிரியைப் பற்றியும் சொல்லலாமா? சொல்லலாம். அந்த இரயில் பாதையில் வதைபட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸ், தம்மை விசாரித்தபோது உடனிருந்த ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் நாகாசே தக்காசியை 1993-இல் சயாமில் நேருக்கு நேர் சந்தித்தார். நாகாசேயோ பல ஆண்டுகளாக அங்கே வந்து பிராயச்சித்தம் தேடிக்கொண்டிருந்தவர். இருவரும் நண்பர்களானார்கள். மன்னிக்கும்படி தாத்தாவை நாம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இப்படியும் நடந்தது என்று பேரன் அறிவது நல்லது.

இதில் நாம் அவசரப்பட ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. கைதிகளிடம் பட்டாளத்துப் பதிவு இருந்தது, ஒளித்து வைத்து எழுதிய குறிப்புகள் இருந்தன. நம் ஆட்களுக்கு எழுதி வைக்க யார் இருந்தார்கள்? மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 என்றும், குறைவென்றும், அதற்கு மேலென்றும் இன்றும் கணக்கு நிற்காமல் இருக்கிறது. 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தை இலங்கையில் எடுத்தார்கள். உலகமே பார்த்த அப்படத்தில் தோட்டத் தமிழரின் கதை இல்லை. நம் எழுத்தாளர்களில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் நாவல் எழுதி அக்குறையை ஓரளவு போக்கினார்கள். தமிழ்நாடு அரசின் உதவியோடு 2023-இல் காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் எழுந்தது. ஆனால் மாண்டவர் ஒவ்வொருவரின் பேரும் வீட்டுக்கு வீடு கிழவர் கிழவியின் நினைவில்தான் இருக்கிறது.

1945-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறு வயதுக்காரர்கள். தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வரலாறு 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயம் தேற வேண்டிய பாடம். மதிப்பெண்ணுக்காகப் படிப்பது ஒருபுறம் இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு பிள்ளையைத் தாத்தா பக்கத்திலும், பிறகு பாட்டி பக்கத்திலும் உட்கார வையுங்கள். கைத்தொலைபேசியில் குரலையும் பதிவு செய்யலாம். போனவர் பெயர், அவர் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, கூடப் போனவர்கள் பெயர் ஆகிய ஐந்தையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். மற்றவை பிறகு தானாக வரும்.