விலையைக் கேட்பதற்கு முன் எழுத்தைப் படியுங்கள்

பழைய ரிவால்வர் ஒன்று பரணிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வெளிவந்ததும் இந்நாட்டில் இரண்டு செயல்கள் தவறாமல் நிகழ்கின்றன. அது பளபளக்கத் தேய்க்கப்படுகிறது. பிறகு அதன் விலை கேட்கப்படுகிறது. அதன்மேல் என்ன பொறிக்கப்பட்டுள்ளது என்ற கேள்வி எழுவதே அரிது. கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசினால் கொதித்தெழும் ஆய்வுலகம், எஃகின்மீது உப்புத்தாள் உரசும்போது மட்டும் வாய்மூடி நிற்கிறது.

ரிவால்வரும் ஒரு பனுவலே. 1915இல் பிரிட்டிஷ் படையில் அறிமுகமான வெப்ளி மார்க் 6 வகையின் சட்டகத்தில் மாதிரியின் பெயரோடு ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வரிசை எண், சோதனைச்சாலை முத்திரை, படையின் உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறி ஆகியவை அதன் பிறப்பையும் பயணத்தையும் கூறுபவை. ஆயினும் காணும் ஆண்டெல்லாம் பிறந்த ஆண்டாகிவிடாது. கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரிவால்வரில் உள்ள 1871, 1872 என்பன காப்புரிமை ஆண்டுகள். அந்த மாதிரி இருபதாம் நூற்றாண்டிலும் உற்பத்தியானது. இவ்வேறுபாட்டை அறியாதவர் சொல்லும் வயது வெறும் ஊகம். அதன்மேல் கட்டப்படும் விலையும் ஊகமே.

இது பொழுதுபோக்குச் சேகரிப்பாளரின் சிக்கல் மட்டுமன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டு என்னும் எல்லையை வைத்துள்ளது. 1916ஆம் ஆண்டின் வெப்ளி இன்று அந்த எல்லைக்குள் வருகிறது. 1930களின் என்ஃபீல்டு வரவில்லை. மறுபுறம், நூறாண்டு கடந்தாலும் சுடக்கூடிய ரிவால்வருக்கு 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமற்ற கருவிக்குச் சந்தை விலை பேசுவது அறியாமை மட்டுமன்று, குற்றத்துக்கு வழிகாட்டலும் ஆகும்.

முத்திரைகளைப் படிப்பது ஆயுத வணிகரின் வேலை, ஆய்வாளருக்கு உரியதன்று என்பார் உளர். அவர்கள் பகத்சிங்கின் கோல்ட் பிஸ்டலை நினைவுகூர வேண்டும். அது சுழலுருளை கொண்ட ரிவால்வர் அன்று. எனினும் அது தரும் பாடம் இரண்டுக்கும் பொது. 1928இல் லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கின் அச்சான்றுப்பொருள், பில்லௌரின் காவலர் பயிற்சிக் கல்லூரி வழியாக இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தை அடைந்து, பல்லாண்டுகள் பெயரற்றுக் கிடந்தது. அதன்மேல் வண்ணம் பூசப்பட்டிருந்தது. வண்ணத்தைச் சுரண்டியபோது தெரிந்த 168896 என்னும் எண், பழைய ஆவணத்தின் எண்ணோடு பொருந்தியது. அந்த ஆறு இலக்கங்களை எவரேனும் 'சுத்தம்' செய்திருந்தால், இன்று அது ஆயிரக்கணக்கான கோல்ட் பிஸ்டல்களுள் ஒன்று மட்டுமே.

ஆக, மதிப்பு இரும்பில் இல்லை. இரும்பின் எழுத்தும் தாளின் எழுத்தும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அருங்காட்சியகக் குறிப்பட்டையில் 'பழங்காலத் துப்பாக்கி' என்று எழுதிவிட்டு வரிசை எண்ணைப் பதியாது விடுவது அச்சந்திப்பை என்றென்றைக்கும் தடுப்பதாகும். தொல்லெழுத்தியல் கற்பிக்கும் துறைகள் கல், செம்பு, ஓலையோடு நின்றுவிடாமல் எஃகையும் பாடத்தில் சேர்க்கட்டும். அதுவரை, குறைந்தபட்சம் உப்புத்தாளையாவது கீழே வைக்கட்டும்.