பெயின்ற் பிறகு அடிக்கலாம்

கலியாணத்துக்குப் பூ வைச்ச பழைய எம்.ஜி.பி. ஒன்று வெள்ளவத்தையால போகுது. வடிவுதான். ஆனால் காலி வீதிப் பள்ளமொன்றில விழுந்தா முன்பக்கம் மூன்றுதரம் துள்ளுது. "கிளாசிக் எண்டா அப்பிடித்தான்" என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை. 1962இல் புதுசாக வந்தபோது அது இப்படித் துள்ளவில்லை.

அந்தக் காரில் முன் சொக் அப்சோபரின் கைதான் சில்லைத் தாங்கும் மேல்கையும். அது தேய்ந்தால் குலுக்கம் மட்டுமில்லை, சில்லே நேராக நிற்காது. ஒழுகுற சொக்குக்கு எண்ணெய் விட்டு "செய்தாச்சு" என்பது சுத்த ஏமாத்து. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கோ. கிங் பின், ரப்பர் புஷ் எல்லாம் பாருங்கோ. பஞ்சிகாவத்தையில் இல்லாட்டி இங்கிலாந்திலிருந்து எடுப்பியுங்கோ. காசில்லையோ? குரோம் பம்பர் மினுக்க மட்டும் இருந்ததே!

பக்கத்து சீட்டில இருக்கிறது பொம்பிளை.