சத்தம் போட்ட வண்டிகள் எங்கே?

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் சாலை அழகான சாலை. வயல், தென்னை, வாழை, திராட்சைத் தோட்டம். தலையை நிமிர்த்தினால் மலை.

அந்தச் சாலையில் இப்போது ஒரு சத்தம் கேட்கிறது.

"டப்... டப்... டபார்!"

வெடியா? இல்லை. வேட்டா? அதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள்!

கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வேறு குழாய் மாட்டுகிறார்கள் வாலிபர்கள். சிலர் சைலன்சரை அறுத்து, உள்ளே இருக்கும் தடுப்புகளை எடுத்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் சின்னமனூரில் என் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்குத்தான் கண் அயர்ந்தார். பக்கத்தில் தொட்டிலில் பேரக் குழந்தை.

தெருவில் ஒரு வண்டி போயிற்று. குழந்தை வீறிட்டது. பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். விடியும் வரை அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை, டீக்கடை வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஓட்டுகிறவன் நல்ல பையன்தான். கல்லூரியில் படிக்கிறான்.

"ஏன் தம்பி இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன்.

"சத்தம் இருந்தாத்தாண்ணே வண்டிக்கு மதிப்பு!" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

சைலன்சர் எதற்கு?

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது, சூடான புகை பலமாக வெளியே பாய்கிறது. அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவையும் வெடிச் சத்தம் கேட்கும். சைலன்சருக்குள் தடுப்புகளும் துளை போட்ட குழாய்களும் இருக்கின்றன. புகை அவற்றில் வளைந்து நெளிந்து போகும்போது வேகம் தணிகிறது, சத்தமும் அடங்குகிறது. காட்டாற்று வெள்ளத்தை அணையில் தேக்கி, வாய்க்காலில் விடுவது போலத்தான்.

இப்போது வரும் வண்டிகளில் இன்னொன்றும் இருக்கிறது. புகையில் உள்ள நஞ்சைக் குறைக்கும் கருவியைப் புகைக் குழாயோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதையும் சேர்த்து வெட்டி எறிந்தால், அந்த நஞ்சு யார் மூக்கில் ஏறும்? நம் பிள்ளைகள் மூக்கில்தான்.

"குழாயை மாற்றினால் வேகம் கூடும்" என்கிறார்கள். பந்தயக்காரர்கள் குழாயை மட்டும் மாற்றுவதில்லை. அதற்குத் தக்கபடி பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவையும் மாற்றுகிறார்கள். குழாயை மட்டும் மாற்றினால் நிச்சயமாகக் கூடுவது சத்தம்தான்.

கொடி கட்டிப் பறந்தவர்கள்

சத்தம்தான் மதிப்பு என்றால், இங்கிலாந்து நாட்டு மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் இன்றும் உலகை ஆண்டிருக்க வேண்டும்.

பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன், ராயல் என்பீல்டு! 1950-களில் இந்தப் பெயர்களைச் சொன்னாலே வாலிபர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியாக அன்று பி.எஸ்.ஏ. விளங்கியது. அந்த வண்டிகள் போட்ட முழக்கம் கம்பீரமானது.

ஆனால் நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும். மழையில் நின்றால் மின்சாரம் மக்கர் செய்யும். உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். தொழிற்சாலைகளில் இருந்த இயந்திரங்களோ பழையவை. "நம்மை விட்டால் யார்?" என்று முதலாளிகள் இருந்துவிட்டார்கள்.

1958-ல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி ஒரு சின்ன வண்டி செய்தது. சூப்பர் கப் என்று பெயர். சத்தம் குறைவு. ஓட்டுவது சுலபம். கடைக்காரரும் வாங்கினார், பெண்களும் ஓட்டினார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் பயப்படவில்லை. "சின்ன வண்டியில் பழகுகிறவன் நாளைக்கு நம்முடைய பெரிய வண்டிக்குத்தானே வருவான்!" என்று நினைத்தார்கள்.

1961-ல் இங்கிலாந்தை அடுத்த மான் தீவில் நடந்த புகழ் பெற்ற பந்தயத்தில் ஹோண்டா வென்றது. 1969-ல் நாலு சிலிண்டர் உள்ள பெரிய வண்டியையே கொண்டு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும்; ஆயில் சொட்டாது!

அவ்வளவுதான். 1970-ல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு மூடப்பட்டது. 1973-ல் பி.எஸ்.ஏ. சாய்ந்தது. 1983-ல் டிரையம்ப்பின் பழைய தொழிற்சாலையும் நின்றது.

சத்தம் அவர்களைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. சத்தம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்றுதான் சொல்கிறேன்.

நம் ஊரில் பிழைத்த புல்லட்

ராயல் என்பீல்டுக்கு மட்டும் நம் சென்னையில் ஒரு பிள்ளை இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. பிறகு எல்லாம் இங்கேயே தயாராயின. தாய் மறைந்தபின் பிள்ளை வாழ்ந்தது. 1977-ல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது!

அந்தப் பிள்ளைக்கும் கஷ்ட காலம் வந்தது. 1994-ல் ஐஷர் கம்பெனி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பழைய இஞ்சினை விட்டுப் புது இஞ்சின் செய்தார்கள். ஆயில் ஒழுகுவதை அடக்கினார்கள். "பழைய டப் டப் போயிற்றே!" என்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் 2024-25-ல் விற்ற வண்டிகள் பத்து லட்சத்துக்கும் மேல்!

இன்னொன்றும் கேளுங்கள். 2020-ல் நார்ட்டன் கம்பெனியையே டி.வி.எஸ். வாங்கிவிட்டது. மதுரையில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கியவர்களின் வழி வந்த கம்பெனி! அன்று தேனியும் மதுரை ஜில்லாதானே?

பெயர் நிலைத்தது வேலைத் திறமையால்.

சட்டம் என்ன சொல்கிறது?

175 சி.சி.-க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் 80 டெசிபல் சத்தத்துக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. 2019-ல் திருத்திய சட்டப்படி, மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

"போடிமெட்டு வளைவில் எதிரே வருகிறவனுக்கு நம் வண்டி வருவது தெரிய வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். புகைக் குழாயின் வாய் பின்பக்கம் இருக்கிறது. எதிரே வருகிறவனுக்காகத்தான் ஹாரன் வைத்திருக்கிறார்கள்!

போலீசார் தெருவுக்குத் தெரு நிற்க முடியாது. வண்டி வாங்கித் தருகிற தகப்பனார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டறைக்காரர்கள், "இந்த வேலை வேண்டாம் தம்பி" என்று திருப்பி அனுப்ப வேண்டும். பழைய புல்லட்டைப் பிரித்துப் பூட்டி உயிர் கொடுக்கிற கை அவர்கள் கை. அந்தக் கைக்கு இது அழகல்ல.

அந்தப் பையன் எல்லாவற்றையும் கேட்டான். பதில் சொல்லவில்லை. பழைய சைலன்சர் எங்கே என்று கேட்டேன். வீட்டுப் பரணில் இருக்கிறதாம்.

அதை இறக்கி மாட்டு தம்பி. பெரியப்பா தூங்கட்டும்.