உருகுவது நீர் அல்ல, வலை

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டார் அவசியம் படியுங்கள்.

"உருகுநிலையும் உறைநிலையும் ஒன்றே." இந்த வரியை மனப்பாடம் செய்யாமல் நீங்கள் யாரும் பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். பனிக்கட்டிக்கு இது சரி. எல்லாப் பொருளுக்கும் சரி என்று பிள்ளைகள் நம்பிவிடுவதுதான் சிக்கல். அதை உடைக்க ஆய்வகம் தேவையில்லை. நோன்புக் காலத்தில் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டில் செய்வார்களே கடல்பாசி, அது போதும்.

கடல்பாசிக் கரைசல் ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் உறையும். உறைந்ததை உருக்கவோ 85 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். அப்படியானால் 60 டிகிரியில் அது திடமா, திரவமா? "ஆறிக்கொண்டு வருகிறதா, சூடாகிக்கொண்டு போகிறதா?" என்று திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

காரணம் அதன் உள்ளமைப்பு. கடல்பாசியில் இருப்பவை சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். கொதிநீரில் அவை தனித்தனி நூலாக நெளிந்து கிடக்கும். ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் பல ஒன்றுசேர்ந்து தடித்த கயிறுகளாகி, வலையாகப் பின்னிக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு நீர் அந்த வலைக் கண்களில் சிறைப்பட்டு நிற்கும். முறுக்கு விழக் கொஞ்சம் குளிர்ச்சி போதும். தடித்த கயிற்றைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். மெல்லிய கயிறுகள் முதலில் அவிழும், தடித்தவை கடைசியில். அதனால் சட்டென்று ஒரே புள்ளியில் உருகாமல், இளகி இளகி, வலை அறுந்ததும் சரிந்துவிடும். நீர் முன்பும் நீர்தான், பின்பும் நீர்தான். உருகியது வலை மட்டுமே.

ஜெலட்டின் புரதச் சங்கிலி. அதன் பிணைப்புகள் மெலிந்தவை. 30 டிகிரியைத் தாண்டினாலே இளகும். வாயில் வைத்தால் கரைவது அதனால்தான். அவித்த முட்டையின் வெள்ளைக் கருவோ எவ்வளவு சுட்டாலும் திரும்ப உருகாது.

இது வெறும் சமையல் செய்தி அல்ல. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்த ஜெலட்டின், உடல் வெப்பநிலையில் இளகித் தொல்லை கொடுத்தது. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பயன்படுத்திய அகர் என்னும் இதே கடல்பாசியைப் பரிந்துரைத்தார். கோடையிலும் அது உருகாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். இன்றுவரை உலகெங்கும் கிருமி வளர்ப்பது அதன் மேல்தான். ஆனால் 1882இல் அகரைக் குறிப்பிட்டு எழுதிய கோக், ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை.

சமையலறையில் கண்டதை அறிவாக மதிக்காத அந்தப் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறது. கண்ணால் பார்த்ததை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை. புத்தக வரியை ஒப்பிப்பவனுக்கு முழு மதிப்பெண். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட் கடல்பாசி வாங்குங்கள். காய்ச்சி உறையவைத்து, ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். இன்னொன்றை நீர்விட்டுக் கொதிக்கவிடுங்கள். விளக்கத்தை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை என்ன சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள்.