பழைய ரம்பம் வாங்குமுன்

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு வட்டாரத்திலிருந்து எங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் காயங்களுள் மரம் அறுக்கும் மெஷினால் நேர்ந்தவை தனித்துத் தெரியும். இடது தொடையிலோ, இடது முழங்காலிலோ, இடது கையிலோ அவை இருக்கும். சதைக்குள் மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து கிடக்கும். "இந்த மெஷின் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கும்போது நான் பலமுறை கேட்ட பதில், "பழசுதான் சார், சல்லிசா வந்துச்சு" என்பது.

பழைய சங்கிலி ரம்பத்தை வாங்குவது தவறு என்று நான் கருதவில்லை. எங்கள் மலையடிவாரத்துச் சிறு விவசாயியின் வரவு செலவை அறிந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். தென்னையும் இலவும் நிறைந்த பூமி இது. பட்டுப்போன தென்னையை அகற்ற வேண்டும். காற்றில் முறிந்த இலவங்கிளையை வழியிலிருந்து எடுக்க வேண்டும். வேலியோரத்து வேம்பைக் கழிக்க வேண்டும். அறுக்கும் ஆளுக்குச் சொல்லியனுப்பினால் அவர் வருவதற்கு நான்கு நாள் ஆகிறது. கூலியும் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. நல்ல நிறுவனத்தின் புதிய மெஷினோ எளிதில் எட்டாத விலையில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் அதில் கால் பங்கு விலைக்குப் பழையதைத் தருகிறேன் என்றால் மனம் அசைவது இயல்பே. நான் கேட்பது ஒன்றுதான்: குறைந்த விலையில், அந்த மெஷினிலிருந்து எது குறைந்திருக்கிறது?

இந்தப் பேரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விற்பவர் கயிற்றை இழுக்கிறார். "ரெண்டே இழுப்புல ஸ்டார்ட் ஆகுதா இல்லையா, நீங்களே சொல்லுங்கண்ணே" என்கிறார். மெஷின் உறுமுகிறது. அருகில் கிடக்கும் கட்டை ஒன்று அறுபடுகிறது. பணம் கைமாறுகிறது. இங்கே சோதிக்கப்பட்டது இன்ஜின் மட்டுமே. ஆளைக் காக்க வேண்டிய உறுப்புகள் எவையும் சோதிக்கப்படவில்லை. ரம்பத்தின் உறுப்புகளிலே உடைந்தாலும் கழன்றாலும் வேலை நின்றுபோகாதவை காப்பு உறுப்புகள்தாம். ஆகவே அவற்றைப் பழுதுபார்க்க எவரும் செலவு செய்வதில்லை. "அது அடிக்கடி சிக்குது" என்று கழற்றி எறிபவரும் உண்டு. இன்ஜின் நன்றாக ஓடும் ஒரு மெஷின் மிக மலிவாக வருகிறதென்றால், நான் முதலில் ஐயப்படுவது அந்த உறுப்புகளைத்தான்.

அவற்றுள் தலையாயது செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் கைக்காப்பை வெறும் பிளாஸ்டிக் தடுப்பு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பிரேக்கின் நெம்புகோல். முன்னோக்கித் தள்ளப்பட்டால் சங்கிலி கணத்தில் நிற்க வேண்டும். இதன் தேவை, பிளேடு முனையின் மேற்பாதி ஏதேனும் கிளையிலோ கட்டையிலோ எதிர்பாராமல் படும்போது விளங்கும். ஓடும் சங்கிலி மரத்துக்குள் நுழைய இடமின்றி, முழு மெஷினையும் மேல்நோக்கியும் பின்நோக்கியும் எறிந்துவிடுகிறது. எறியப்படும் திசையில் இருப்பது பிடித்திருப்பவரின் தோளும் கழுத்தும் முகமும். முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. மனிதன் திடுக்கிட்டுக் கையை அசைக்க மிகக் குறைந்தது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் 4 மீட்டர் சங்கிலி உடலைக் கடந்துவிடும். "நான் இருபது வருடமாக மெஷின் பிடிக்கிறேன், எனக்குக் கை பழகிவிட்டது" என்பவருக்கும் இந்தக் கணக்கு மாறாது. ஆதலால்தான் அந்த வேலை கையின் பழக்கத்திடம் விடப்படாமல் பிரேக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தக் கருவியின் வரலாற்றில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்னும் மருத்துவர்கள், பிரசவம் தடைப்பட்ட தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுப்பதற்கும் நோயுற்ற எலும்பை நீக்குவதற்கும் பல் வைத்த சிறு சங்கிலியைக் கையாண்டனர். 1830இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைன் அதைச் சுழற்றும் கைப்பிடியுடன் கூடிய எலும்பறுக்கும் கருவியாக்கினார். மரத்துக்கான மின்சார ரம்பத்தை ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் உருவாக்கியது அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1926இல். செயின் பிரேக் பரவலானதோ 1970களில்தான். இடைப்பட்ட காலத்தில் பிரேக் இல்லாமலே காடுகளில் வேலை செய்தவர்கள் பட்ட காயங்களே அதைக் கண்டுபிடிக்கத் தூண்டின. பிரேக்கைக் கழற்றிய மெஷின் எந்த ஆண்டில் தயாரானதாக இருந்தாலும், அதைப் பிடிப்பவர் 1960களின் தொழிலாளியைப் போலத்தான் நிற்கிறார்.

எலும்பை அறுப்பதற்கென்றே தோன்றிய கருவியின் வழித்தோன்றல் அது என்பதைக் காயத்தைப் பார்த்தாலே உணரலாம். அரிவாள் வெட்டு ஆழமாக இருந்தாலும் அதன் இரு ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்தும், தைத்துவிட முடியும். சங்கிலியோ தான் ஓடிய அகலத்துக்குச் சதையையும் நரம்பையும் இரத்தக்குழாயையும் எலும்பையும் துகளாக்கிக்கொண்டு போய்விடுகிறது. மரத்தில் எப்படி ஒரு பள்ளம் விழுந்து தூள் பறக்கிறதோ, அப்படியே. நடுவில் இல்லாமல் போன நரம்பின் இரு முனைகளை எப்படி இணைப்பது? வேறோர் இடத்திலிருந்து நரம்பு எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கக்கூடும். ஆறு மாதக் கூலியையும், மடங்காத விரலோடு வாழும் எஞ்சிய காலத்தையும் எந்த அட்டையும் ஈடுசெய்யாது.

ஆகவே பேரத்தின்போது என்ன செய்யலாம்? கயிறு இழுப்பதற்கு முன் மெஷினைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைக்காப்பு உடையாமல் இருக்கிறதா, கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா? பின்கைப்பிடியின் மேலுள்ள பூட்டை அழுத்தாமல் விசையை மட்டும் இழுத்தால் அது அசையக்கூடாது. பிளேடின் அடிப்புறம், சங்கிலி மெஷினுக்குள் நுழையும் இடத்தருகே, சிறு கொக்கி போன்ற ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சங்கிலி அறுந்தால் அது கையின் மேல் வீசாமல் பிடித்துக்கொள்வது அதுவே. பழைய மெஷினில் பலவேளை அது இருந்த இடத்தில் திருகு மட்டும் இருக்கும். பிறகு இன்ஜினை ஓட விடுங்கள். விசையை விட்ட நிலையில் சங்கிலி சற்றும் நகரக்கூடாது. நகர்ந்தால் கிளட்சையோ இன்ஜினின் ஓட்ட அளவையோ சரிசெய்ய வேண்டும் என்று பொருள். அடுத்ததுதான் முக்கியமான சோதனை. மெஷினை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, வேகம் ஏற்றி, இடது மணிக்கட்டால் கைக்காப்பை முன்னே தள்ளச் சொல்லுங்கள். சங்கிலி உடனே நின்றாக வேண்டும். மெள்ள நின்றாலும் அது பழுதுதான். இதை விற்பவரையே செய்யச் சொல்லுங்கள். தயங்கினாரானால், விலை குறைந்ததன் காரணம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் கசியும் மெஷினைத் தொடவே வேண்டாம். இலவம்பஞ்சும் தென்னஞ்சருகும் கிடக்கிற இடத்தில் சூடான சைலன்சருடன் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் அலைச்சல் உங்களுக்கே. மேகமலைக் காடு புலிகள் காப்பகமாகிவிட்ட இந்த நாளில், காப்புக்காட்டை ஒட்டிய தோட்டக்காரர்கள் கூடுதல் கவனம் கொள்வது நல்லது.

சங்கிலியின் கூர்மையைப் பற்றி ஒரு சொல். கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு போன்ற தூளை உதிர்க்கும். தென்னையின் நாரும் அதன் வெளிப்புறக் கடினமும் சங்கிலியை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய சங்கிலியைக் கொண்டு அறுப்பவர் தம் உடல் எடையைக் கொடுத்து அழுத்துகிறார். மரம் அறுபட்டு விடுபடும் கணத்தில் அதே வேகத்தோடு மெஷின் அவருடைய காலில் இறங்குகிறது. இடது முழங்காலில் காயம் விழுவதற்கு இதுவும் ஒரு வழி.

விலைக் கணக்குக்கு வருகிறேன். மெஷினின் விலையை மட்டும் எண்ணாதீர்கள். புதுச் சங்கிலி ஒன்று, முகவலையும் காதுமூடியும் உள்ள தலைக்கவசம், விரல்களைக் காக்கும் கனமான பூட்ஸ், இயன்றால் ரம்பத்துக்கென்றே தைக்கப்பட்ட காற்சட்டை ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். அந்தக் காற்சட்டைக்குள் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டதும் அவை இழுபட்டுச் சக்கரத்தில் சுற்றி மெஷினையே நிறுத்திவிடும். கைலியும் அதையேதான் செய்யும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். கைலி சங்கிலியை நிறுத்தாது, காலோடு சேர்த்து இழுக்கும். இவ்வளவும் கூட்டிய பின் வரும் தொகை உங்களுக்குக் கட்டுபடியாகவில்லை என்றால், மெஷின் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்காக வாங்குபவர், தொழில் தெரிந்த ஆளுக்காக நான்கு நாள் காத்திருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மரத்தின் மேலே ஏறி நின்று ஒற்றைக் கையால் அறுக்கும் வேலைக்கோ, எந்த மெஷினும் உகந்ததன்று.

மெதுவாக வரும் கேடும் உண்டு. அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் தேய்ந்த பழைய மெஷினை நாள்தோறும் பிடிப்பவருக்குச் சில ஆண்டுகளில் விரல்நுனிகள் மரத்துப்போகின்றன. குளிர்ந்த காலையில் அவை வெளிறி வெண்மையாகும்; சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கல் உடைக்கும் தொழிலாளரிடம் இதை அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். சத்தமும் அப்படியே. 100 டெசிபல் அளவுள்ள ஒலியைக் காதுமூடி இன்றி நாளொன்றுக்கு 15 நிமிடங்களுக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு; ரம்பத்தின் ஒலி அதையும் தாண்டும்.

நம் மருத்துவமனைக்குத் தொடர்ந்து வரும் நோயாளிகளுக்குத் தனியாகச் சில சொற்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள், பெட்ரோல் ரம்பத்தைக் கையாளுமுன் தங்கள் இதய மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். இன்ஜினின் தீப்பொறி அமைப்பு அக்கருவிக்கு மிக அருகில் வரக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், சர்க்கரை நோயால் கை கால்களில் உணர்வு குன்றியவர்கள் இந்த மெஷினை எடுக்கவே வேண்டாம். வீட்டிலுள்ளோர் இதை அவர்களுக்கு அன்பாகவும் கண்டிப்பாகவும் சொல்ல வேண்டும்.

காயம் நேர்ந்துவிட்டால், தூய துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள், 108ஐ அழையுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பெட்ரோல் எதையும் காயத்தில் இடாதீர்கள். துண்டான விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது. வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் கடந்து க.விலக்கு வந்து சேர்வதற்கே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கடையில் களிம்பு தேடிக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றை நான் சொல்ல நினைப்பது, படுக்கையில் இருப்பவருக்கன்று. அவர் அருகில் அமர்ந்திருக்கும் மனைவிக்கும் தம்பிக்கும் மகனுக்கும். விபத்து நடந்த மெஷின் இன்னும் உங்கள் வீட்டுத் திண்ணையிலோ மோட்டார் அறையிலோ இருக்கும். "அந்தச் சனியனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் போதும்" என்று தோன்றும். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணமும் தேவைப்படும். அப்படி விற்கப்படும்போது அது மயிலாடும்பாறைச் சந்தைப் பேச்சில் மறுபடியும் ஒரு மலிவு விலை மெஷினாகிறது. வாங்குபவர் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்; இரண்டே இழுப்பில் அது ஓடும். விற்பதற்கு முன் அதன் பிரேக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். சரிசெய்ய இயலாதென்று அவர் சொன்னால், பிளேடையும் சங்கிலியையும் கழற்றிவிட்டு, எஞ்சியதை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.