சூரை மீனும் தூண்டில் நெறியும்

உலகத்தார் உணவிற் சூரை மீனுக்குரிய இடம் சிறிதன்று. டப்பாக்களில் அடைபட்டு மேனாட்டு இல்லங்களிற் புகும் அம்மீனே, உலர்ந்து மாசியாகி நம் தென்கடற்கரையிலும் ஈழத்திலும் சம்பலாகவும் குழம்பாகவும் வழங்குகின்றது. இவ்வுணவு நிலைபெறுவதும் அழிவதும் பிடிக்கும் நெறியையே பொறுத்தன என்பது எம் கருத்து.

மாசிக்குப் பேர்போனது மாலத்தீவு. பதினான்காம் நூற்றாண்டில் அங்குத் தங்கிய இபன் பதூதா, அவித்துப் புகையூட்டிய இம்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் சென்றமையைக் குறித்துள்ளார். அத்தீவினர் இன்றும் சிறு மீன்களை உயிரோடு இரையாக வீசிச் சூரைக் கூட்டத்தை அருகில் வருவித்து, கழியிற் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கின்றனர். ஆமையும் சுறாவும் இதில் அகப்படுதல் அரிது. இரைமீனைப் பவளப்பாறைகளிடையே அளவின்றி வாரினால் இந்நெறியும் பழுதாகும் என்பது மெய்யே. எனினும், ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்னும் வரம்பு இதன்கண் இயல்பாகவே அமைந்துள்ளது.

பெருங்கப்பல்களின் முறையோ வேறு. அவை கடலில் தெப்பங்களை மிதக்கவிடும். அவற்றின்கீழ் மீன்கள் குழுமியபின் வலையை வளைத்துச் சுருக்கினால், வேண்டிய சூரையோடு மஞ்சட்செட்டைச் சூரையின் இளங்குஞ்சுகளும் ஒருங்கே அகப்படும். இந்தியப் பெருங்கடற் சூரை ஆணையம் 2023-ஆம் ஆண்டில் மொம்பாசா நகரிற் கூடி, ஆண்டுக்கு 72 நாள் இத்தெப்பங்களை விலக்கத் தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட பலர் மறுத்தமையால் அத்தீர்மானம் வலியிழந்தது.

"மலிவான மீன் ஏழையின் பசி தீர்க்குமே, அதனைத் தடுத்தல் தகுமோ?" என வினவுவாரும் உளர். முட்டையிடாத குஞ்சுகளை வாரிப் பெறும் மலிவு, விதைநெல்லைக் குற்றி உண்பதனோடு ஒக்கும். அடக்கம் பயன்தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. அட்லாண்டிக் கடலின் நீலச்செட்டைச் சூரை அருகியபோது நாடுகள் பிடியளவைக் குறைத்தன. அழியும் நிலையில் உள்ளதென முன்னர் வகுக்கப்பட்ட அவ்வினம், 2021-ஆம் ஆண்டில் அபாயம் குறைந்ததென மாற்றி வகுக்கப்பட்டது.

அவ்வடக்கத்தின் சுமையை முதலில் தாங்குவார் யாவர்? கடலையன்றிப் பிழைப்பறியாத தூண்டிற்காரரோ? தொலைநாட்டினின்று வரும் பெருங்கப்பல் உடையாரே அதனைத் தாங்குதல் முறை. அன்பர்காள்! வாங்குவோராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மீனின் விலையை வினவுமுன், அது பிடிபட்ட விதத்தை வினவுவோமாக.